ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் ஒரு நெடுவரிசையை மாற்றிய அனுபவம்

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, ரசீதை எல்லாம் மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன். உங்க ரிப்போர்ட்ல 0.04 கூடுதலா வருது. எது சரி?"

ரசீதுதான் சரி என்று சொல்லிவிட்டு நிரலைத் திறந்தேன். காரணம் கண்ணெதிரே இருந்தது. ரசீது மாடலில் தொகை என்ற ஃபீல்டை, திட்டம் தொடங்கிய வாரத்தில், ஃப்ளோட்ஃபீல்டு (பின்ன எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) என்று எழுதி வைத்திருந்தேன். பணத்தை ஃப்ளோட்டில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 வரும். 19.99 × 100 என்று கேட்டால் 1998.9999999999998 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் 1998தான் மிஞ்சும். ஆகவே தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமல்ஃபீல்டாக மாற்றவேண்டும், மொத்தம் 12 இலக்கம், புள்ளிக்குப் பின் 2. மாடலில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை ஓடும் தளத்தில் சேர்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

திட்டம் ஜாங்கோ 4.2 (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு), தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. ரசீது டேபிளில் சுமார் 40 லட்சம் பதிவுகள். வேறு பதிப்பிலோ வேறு தரவுத்தளத்திலோ இருப்பவர்களுக்குச் சில இடங்கள் வேறு மாதிரி நடக்கும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மைக்ரேஷன் எதைப் பார்த்து எழுதப்படுகிறது

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடலில் செய்த மாற்றத்தை டேபிளுக்குக் கொண்டுபோகும் கோப்புதான் மைக்ரேஷன். அதை உருவாக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை டேபிளின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே எழுதி வைத்த மைக்ரேஷன் கோப்புகளை 0001-லிருந்து வரிசையாக மனத்துக்குள் ஓட்டி, "இந்தக் கோப்புகளின்படி மாடல் இப்படி இருக்கவேண்டும்" என்று ஒரு படம் வரைந்துகொள்ளும். அந்தப் படத்துக்கும் இப்போதைய மாடல் நிரலுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் புதிய கோப்பு. எந்தக் கோப்பெல்லாம் ஓடி முடிந்தது என்பதை ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் என்ற சின்ன டேபிள் குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது நேரே தரவுத்தளத்துக்குள் போய்க் கையால் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டால் ஜாங்கோவுக்கு அது தெரியாது. "டேபிளில் இருக்கிறதே, ஏன் மறுபடி சேர்க்கப் பார்க்கிறது?" என்ற கேள்வியில் பாதி இங்கிருந்து பிறப்பவை.

இந்த ஏற்பாடு ஜாங்கோவுக்குள் வந்தது 2014 செப்டம்பரில், 1.7 பதிப்பில். அதற்குமுன் ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற தனித் தொகுப்பைத்தான் நாங்கள் எல்லோரும் நிறுவிக்கொண்டோம். அதையே அடியிலிருந்து மாற்றி எழுதி ஜாங்கோவில் சேர்க்க 2013-இல் அவர் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார். இன்று நாம் சட்டென்று அடிக்கும் கட்டளைக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

ஒரு வரி மாற்றத்தை நகலில் ஓட்டிப் பார்த்தது

ஃபீல்டை மாற்றினேன், கோப்பு வந்தது, என் கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. என் கணினியில் இருந்தவை 300 பதிவுகள். அதை நம்பக் கூடாது என்பதால் எஸ்க்யூஎல்மைக்ரேட் கட்டளையால் அந்தக் கோப்பு உண்மையில் என்ன எஸ்க்யூஎல் அனுப்பப்போகிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி:

ஆல்டர் டேபிள் ரசீது ஆல்டர் காலம் தொகை டைப் நியூமெரிக்(12, 2) யூசிங் தொகை::நியூமெரிக்(12, 2)

நெடுவரிசையின் வகையை டபுள் பிரிசிஷனிலிருந்து (ஃப்ளோட்டுக்குப் போஸ்ட்கிரெஸில் பெயர்) நியூமெரிக்குக்கு (டெசிமலுக்கு அங்கே பெயர்) மாற்றினால் போஸ்ட்கிரெஸ் டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும். அதன்மேல் இருக்கும் இண்டெக்ஸ்கள் (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) எல்லாம் மறுபடி கட்டப்படும். முடியும்வரை ஆக்ஸஸ் எக்ஸ்க்ளூசிவ் பூட்டு. எழுதுவது மட்டுமில்லை, படிக்கவும் முடியாது.

முந்தைய இரவின் பேக்கப்பைச் சோதனை சர்வரில் விரித்து, ஒரு ஜன்னலில் இந்தக் கட்டளையை ஓட்டினேன். இன்னொரு ஜன்னலில் ஒரே ஒரு ரசீதைப் படிக்கும் குவெரி. அது அப்படியே நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்தால் காத்திருப்புக்குக் காரணம் லாக். 3 நிமிடம் 40 விநாடி கழித்துத்தான் பதில் வந்தது. சோதனை சர்வரில் வேறு யாரும் இல்லை. ஓடும் தளத்தில் அந்த நேரத்துக்குள் வரிசையில் நிற்கும் கோரிக்கைகள் எல்லா இணைப்புகளையும் தின்றுவிடும். இரவு 2 மணிக்குத் தளத்தை மூடிவிட்டு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரவில்தான் பெரிய இறக்குமதி வேலை ஓடுகிறது என்பதால் அது நடக்கவில்லை. அது நல்லதாகவே போயிற்று. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

மூன்றாவது இலக்கம்

நகல் கையில் இருந்ததால் ஒரு குவெரி ஓட்டினேன்: தொகையை நியூமெரிக்காக மாற்றியதும், அதையே இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கியதும் ஒன்றாக இல்லாத பதிவுகள் எத்தனை? பூஜ்யம் வரும் என்று எதிர்பார்த்தேன். 612 வந்தது.

ஒன்றைத் திறந்து பார்த்தேன். 19 என்ற தொகைக்கு 12.5 விழுக்காடு தள்ளுபடி. 19-இல் 2.375 போக 16.625. தள்ளுபடி கணக்கிடும் நிரல் முழுமையாக்காமல் அப்படியே சேமித்திருக்கிறது. ரசீது அச்சாகும்போது மட்டும் இரண்டு இலக்க வடிவத்தில் எழுதியிருக்கிறது. பைத்தான் அதை 16.62 என்று அச்சிடும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்க்கும். ரிப்போர்ட்டோ 16.625-ஐயே கூட்டியிருக்கிறது. ஒரு ரசீதுக்கு 0.005 கூடுதல். இப்படி 8 ரசீது ஒரே பக்கம் சாய்ந்தால் அக்கா சொன்ன 0.04.

ஆக, அவர் கண்டுபிடித்த வித்தியாசத்துக்கு ஃப்ளோட்டின் நுண்பிழை காரணமே இல்லை. முழுமையாக்காத தள்ளுபடிதான் காரணம். இன்னும் கவலை தந்தது வேறொன்று: போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் பாதியை எப்போதும் மேல்பக்கம் தள்ளும். அந்த ஒரு வரி மைக்ரேஷன் ஓடியிருந்தால் 16.625 என்பது 16.63 ஆகியிருக்கும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளில் 16.62. 1.005 போன்ற எண்ணிலும் இதே கதை: பைத்தான் 1.00 என்று அச்சிடும், ஏனென்றால் ஃப்ளோட்டில் அந்த எண் 1.005-க்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் அதை 15 இலக்கத்தில் நியூமெரிக்காக்கி 1.005 என்றே எடுத்துக்கொண்டு 1.01 ஆக்கும். பிழையே வராமல், சிவப்பு எழுத்து ஒன்றும் காட்டாமல், பழைய ரசீதுகள் மாறிப்போயிருக்கும்.

அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அச்சடிச்சுக் கொடுத்தது எதுவோ அதுதான் தம்பி கணக்கு. இனிமே வர்றதுக்கு மேல்பக்கம் தள்ளிக்கோங்க." இது நிரலாளர் முடிவு செய்யவேண்டிய விஷயமே அல்ல. கேட்டதற்கு மிகவும் மகிழ்ந்தேன்.

எனவே டேபிளைத் தொடும் முன் இரண்டு வேலை. தள்ளுபடி கணக்கை டெசிமலில் செய்து, பாதியை மேல்பக்கம் தள்ளி, இரண்டு இலக்கமாக்கிய பின்பே சேமிக்கும்படி திருத்தி அன்றே டிப்ளாய் செய்தேன், அதாவது ஓடும் தளத்தில் ஏற்றினேன். பிறகு மூன்றாம் இலக்கம் உள்ள பழைய பதிவுகளின் ஐடியையும் அசல் தொகையையும் ஒரு தனி டேபிளில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அச்சிட்ட அதே வடிவமைப்பு வழியாகவே இரண்டு இலக்கமாக மாற்றினேன். அந்தக் கணக்கு பைத்தானில்தான் நடந்தது. அச்சிட்டது பைத்தான், அதே கையால் திருத்தினால்தான் அதே விடை வரும்.

இரண்டு நிரல், ஒரு டேபிள்

இனி நெடுவரிசை. எங்கள் டிப்ளாய் இப்படி நடக்கும்: முதலில் மைக்ரேஷன், பிறகு வெப் சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய நிரலுக்கு மாறும். பின்னணியில் வேலைகளை ஓட்டும் புரோகிராம் தன் கையிலுள்ள வேலையை முடித்த பிறகே மாறும். அது சில சமயம் 20 நிமிடம் ஆகும். அந்த 20 நிமிடம் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே டேபிளில் எழுதும். எந்தப் படியை எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் அது ஒத்துவரவேண்டும். இந்த வேலை முழுவதிலும் நான் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

முதல் படி, புதிய_தொகை என்ற நெடுவரிசையைச் சேர்ப்பது. இதில் எனக்கு முதலில் தோன்றியது டீஃபால்ட் 0, காலியாக இருக்கக் கூடாது என்று வைப்பது. போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து நிலையான டீஃபால்ட்டோடு நெடுவரிசை சேர்த்தால் டேபிள் திருப்பி எழுதப்படுவதில்லை, அதனால் வேகமாகவே முடியும். ஆனால் எஸ்க்யூஎல்மைக்ரேட் காட்டியதைக் கடைசிவரை படித்தால் இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது: டிராப் டீஃபால்ட். டீஃபால்ட் மதிப்பைத் தானே நிரலிலிருந்து அனுப்புவதாக ஜாங்கோ நினைக்கிறது. அதனால் இருக்கும் பதிவுகளை நிரப்பிய கையோடு தரவுத்தளத்திலிருந்து அதை எடுத்துவிடுகிறது. புதிய நிரலுக்கு அது சரி. பழைய நிரலுக்கு இந்த நெடுவரிசை இருப்பதே தெரியாது. அது ஒரு ரசீதைச் சேர்க்கப்போனால் மதிப்பு காலி, நாட் நல் (காலி கூடாது என்ற விதி) மீறல், வாடிக்கையாளருக்கு 500 என்ற சர்வர் பிழை. நகலில் பழைய நிரலை ஓட்டிப் பார்த்தேன், முதல் ரசீதிலேயே விழுந்தது. ஜாங்கோ 5.0-இல் வந்த டிபி_டீஃபால்ட் இந்தக் குறையைத் தீர்க்கிறது; 4.2-இல் அது கிடையாது.

அதைவிட, 0 என்பது பொய். பின்னால் பார்க்கும்போது "இன்னும் நிரப்பவில்லை" என்பதற்கும் "உண்மையிலேயே பூஜ்யம்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாது. எனவே காலியாக இருக்கலாம் என்றே சேர்த்தேன். அது தரவுத்தளத்தின் உள்பட்டியலில் ஒரு குறிப்பு எழுதும் வேலை மட்டுமே, மில்லி விநாடிகளில் முடியும்.

மில்லி விநாடி வேலைக்கும் ஒரு ஆபத்து உண்டு. ஆல்டர் டேபிளுக்கு அந்தப் பெரிய பூட்டு ஒரு கணமாவது வேண்டும். யாராவது நீளமான ரிப்போர்ட் குவெரி ஓட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டர் காத்திருக்கும்போது அதற்குப் பின்னால் வரும் சாதாரணப் படிப்புக் குவெரிகளும் அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வேலை மில்லி விநாடிதான், காத்திருப்பு பத்து நிமிடம். இதற்காக மைக்ரேட் ஓட்டும்போது பிஜிஆப்ஷன்ஸ் சூழல் மாறியில் லாக்_டைம்அவுட் 3 விநாடி என்று வைத்தேன். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் முயற்சி அப்படித்தான் தோற்றது. இரண்டாவது முயற்சியில் ஏறியது. போஸ்ட்கிரெஸில் ஸ்கீமா (டேபிள் வடிவம்) மாற்றமும் டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத தொகுப்பு) நடப்பதால் தோற்றால் எதுவும் மிச்சமில்லாமல் திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு ஆல்டரும் தானே கமிட் ஆகிவிடும், பாதி வழியில் நின்றால் கையால்தான் சரிசெய்யவேண்டும். அங்கே ஒரு கோப்புக்கு ஒரே மாற்றம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ட்ரிகர், அது காட்டிய பிழை

இரண்டு நெடுவரிசையும் எப்போதும் ஒத்துப்போகவேண்டும். சேவ் மெத்தடில் எழுதலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நிரலில் தேடியபோது சேவ் வழியாகப் போகாத இரண்டு இடம் கிடைத்தது: இரவு இறக்குமதி பல பதிவுகளை ஒரேயடியாகச் சேர்க்கும் பல்க்_கிரியேட் பயன்படுத்துகிறது, திருத்தக் கட்டளை ஒன்று குவெரிசெட்டின் அப்டேட் மெத்தடைக் கூப்பிடுகிறது. இரண்டுமே சேவைத் தொடாது. போதாக்குறைக்குப் பழைய நிரலில் இருக்கும் சேவுக்குப் புதிய நெடுவரிசையே தெரியாது. எனவே தரவுத்தளத்திலேயே ஒரு ட்ரிகர் (பதிவு எழுதப்படும்போது தானாக ஓடும் சிறு நிரல்), ரன்எஸ்க்யூஎல் என்ற மைக்ரேஷன் ஆபரேஷன் வழியாக, திரும்பிப் போகும் எஸ்க்யூஎல்லோடு சேர்த்து. பதிவு எழுதப்படுவதற்கு முன் ஓடும் ட்ரிகர். அதன் முதல் வடிவம்:

புதுப் பதிவு என்றால், காலியாக இருப்பதை மற்றதிலிருந்து நிரப்பு.
திருத்தம் என்றால், புதிய_தொகை மாறியிருந்தால் தொகையை அதற்குச் சமமாக்கு. இல்லை, தொகை மட்டும் மாறியிருந்தால் புதிய_தொகையை அதற்குச் சமமாக்கு.

படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. சோதனையில் புது ரசீது உருவாக்கும்போது தொகை என்ற நெடுவரிசையில் நாட் நல் மீறல் என்று விழுந்தது. எந்த நிரலும் அதில் காலியை எழுதவில்லை. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு குவெரியாகப் பார்த்த பிறகே புரிந்தது.

ரசீது உருவாகும்போது புதிய_தொகை காலியாகப் போகிறது, ட்ரிகர் நிரப்புகிறது. ஆனால் அது தரவுத்தளத்துக்குள் நடந்தது. பைத்தானில் இருக்கும் ஆப்ஜெக்டுக்கு அது தெரியாது, அங்கே புதிய_தொகை இன்னும் காலிதான். எங்கள் நிரல் ஐடி கிடைத்த பிறகு ரசீது எண்ணைக் கணக்கிட்டு அதே ஆப்ஜெக்டை இரண்டாம் முறை சேவ் செய்கிறது. ஜாங்கோவின் சேவ் எல்லா ஃபீல்டையும் எழுதும். இப்போது புதிய_தொகை 16.63-லிருந்து காலிக்கு "மாறியிருக்கிறது". ட்ரிகர் சொன்னபடி கேட்டு, தொகையையும் காலியாக்கப் பார்க்கிறது.

அந்த இடத்தில் தொகை நாட் நல்லாக இருந்தது எங்களைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் ரசீதுத் தொகைகள் சத்தமில்லாமல் அழிந்திருக்கும். திருத்திய வடிவத்தில் காலியைப் பார்ப்பது முதலில் வரும்:

புதிய_தொகை காலி என்றால் தொகையிலிருந்து நிரப்பு. தொகை காலி என்றால் புதிய_தொகையிலிருந்து நிரப்பு. இவை இரண்டும் இல்லாத திருத்தத்தில் மட்டும், எது மாறியதோ அதை மற்றதில் எழுது.

இதில் ஒரு வசதி. போஸ்ட்கிரெஸ் நாட் நல்லைச் சரிபார்ப்பது இந்த ட்ரிகர் ஓடிய பிறகு. ஆகவே நாளை புதிய நிரல் பழைய நெடுவரிசையை மறந்தே போனாலும் ட்ரிகர் அதை நிரப்பிவிடும். பழைய நிரலும் பிழைக்கும். இன்னொரு சிறு குறிப்பு: போஸ்ட்கிரெஸின் ரவுண்ட், இத்தனை இலக்கம் என்று கேட்டால் டபுள் பிரிசிஷனை ஏற்காது, முதலில் நியூமெரிக்காக்கி, பிறகுதான் ரவுண்ட்.

நிரப்பல்

பழைய பதிவுகளை நிரப்புவதை மைக்ரேஷனுக்குள் ரன்பைத்தான் என்ற ஆபரேஷனில் வைக்கவில்லை. 40 லட்சம் பதிவும் ஒரே டிரான்சாக்ஷனில் போகும். தொட்ட ஒவ்வொரு பதிவும் கடைசிவரை பூட்டியே இருக்கும். 39-ஆவது லட்சத்தில் விழுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தனியாக ஒரு மேலாண்மைக் கட்டளை எழுதினேன். ஐடி வரம்பில் 5,000 என்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் தனி டிரான்சாக்ஷன், நடுவே சிறு இடைவெளி. குவெரி மிகச் சின்னது:

அப்டேட் ரசீது செட் தொகை = தொகை வேர் புதிய_தொகை இஸ் நல் அண்ட் ஐடி பிட்வீன் இது முதல் அது வரை

தொகையைத் தொகையாலேயே எழுதுகிறது, அவ்வளவுதான். பதிவைத் தொட்டால் போதும், ட்ரிகர் நிரப்பிவிடும். மாற்றும் விதி ஒரே இடத்தில் இருக்கிறது. கட்டளையில் ஒரு மாதிரியும் ட்ரிகரில் இன்னொரு மாதிரியும் ஆக வாய்ப்பில்லை. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த வரி இது. "இஸ் நல்" என்ற நிபந்தனை இருப்பதால் எத்தனை முறை ஓட்டினாலும் கேடில்லை. நடுவில் ஒரு முறை இணைப்பு அறுந்தது. மறுபடி ஓட்டினேன், விட்ட இடத்திலிருந்து போனது.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு அப்டேட்டும் பதிவின் புதுப் பிரதியை எழுதிப் பழையதைச் செத்ததாக விடும். வேகமாக ஓட்டினால் செத்தவற்றைத் துடைக்கும் ஆட்டோவேக்கம் பின்தங்கி டேபிள் வீங்கும். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் செத்த பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இடைவெளியைக் கூட்டிக் குறைத்தேன். ஒரு மாலை முழுக்க ஓடியது. தளத்தில் யாருக்கும் தெரியவில்லை.

காலியாக இருக்கக் கூடாது என்று சொல்வது

எல்லாம் நிரம்பியதும் புதிய_தொகையை நாட் நல் ஆக்கவேண்டும். நேரே செய்தால் பெரிய பூட்டைப் பிடித்துக்கொண்டு முழு டேபிளையும் படித்துச் சரிபார்க்கும். சுற்றுவழி இருக்கிறது, அது மூன்று கோப்பு. முதல் கோப்பில் "புதிய_தொகை காலி அல்ல" என்ற செக் கன்ஸ்ட்ரெயின்ட் (பதிவுகள் மீறக் கூடாத விதி), நாட் வேலிட் என்ற குறிப்போடு; பழைய பதிவுகளைப் பார்க்காது, கணத்தில் முடியும். இரண்டாவதில் அதைச் சரிபார்ப்பது. இது நேரம் எடுக்கும், ஆனால் படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காத சின்னப் பூட்டுதான். மூன்றாவதில் நாட் நல். சரிபார்த்த செக் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, 12-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் மறுபடி டேபிளைப் படிக்காது. பிறகு செக்கைத் தூக்கிவிடலாம். ஜாங்கோ 4.0-லிருந்து ஆட்கன்ஸ்ட்ரெயின்ட்நாட்வேலிட், வேலிடேட்கன்ஸ்ட்ரெயின்ட் என்று இரண்டும் கைவசமே இருக்கின்றன. மூன்றையும் ஒரே கோப்பில் போட்டால் ஒரே டிரான்சாக்ஷன் ஆகி, முதலில் பிடித்த பெரிய பூட்டு கடைசிவரை விடாது. பட்ட பாடு வீண்.

இண்டெக்ஸுக்கு, எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி; அது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது என்பதால் கோப்பில் அடாமிக் = ஃபால்ஸ். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதைத் தூக்கிவிட்டு மறுபடி கட்டவேண்டும். எனக்கு ஒரே தடவையில் முடிந்தது.

இந்த நாட்களில் நண்பர் ஒருவரும் தன் கிளையில் (நிரலின் தனிப் பிரதியில்) ரசீது மாடலில் வேறொரு ஃபீல்டைச் சேர்த்திருந்தார். அவர் கோப்பும் 0053, என் கோப்பும் 0053, இரண்டும் 0052-ஐச் சார்ந்தவை. இணைத்ததும் ஜாங்கோ இரண்டு முனை இருக்கிறது என்று நின்றுவிட்டது. மெர்ஜ் கோப்பு ஒன்றை அதுவே உருவாக்கித் தரும். இன்னும் டிப்ளாய் ஆகாதது அவருடையது என்பதால், அதை அழித்து என்னுடையதற்குப் பின்னால் புதிதாக உருவாக்கச் சொன்னேன். வரலாறு நேர்கோடாக இருந்தால் பின்னால் படிப்பவருக்கு எளிது. மாடலை மாற்றிவிட்டுக் கோப்பைச் சேர்க்க மறப்பதும் நடக்கும். அதற்கு ஒவ்வொரு இணைப்பிலும் மேக்மைக்ரேஷன்ஸை செக் விருப்பத்தோடு ஓட்டுகிறோம். மாற்றம் விடுபட்டிருந்தால் அங்கேயே சிவப்பு.

நிரலைப் புதிய பக்கம் திருப்புதல்

நிரலில் எல்லா இடத்திலும் தொகை என்றுதான் இருக்கிறது, அப்படியே இருக்கவேண்டும். எனவே மாடலில் பழைய ஃபீல்டை எடுத்துவிட்டு, தொகை என்ற பெயரிலேயே டெசிமல்ஃபீல்டு, டிபி_காலம் (தரவுத்தளத்தில் நெடுவரிசையின் பெயர்) மட்டும் புதிய_தொகை. மேக்மைக்ரேஷன்ஸை நம்பி விட்டால் பழைய நெடுவரிசையை உடனே அழித்துவிடும். செபரேட்டேட்டாபேஸ்அண்ட்ஸ்டேட் என்ற ஆபரேஷனில் ஸ்டேட் பக்கம் (ஜாங்கோ மனத்துக்குள் வரையும் அந்தப் படம்) மட்டும் இந்த மாற்றங்களை எழுதி, தரவுத்தளப் பக்கத்தைக் காலியாக விட்டேன். எஸ்க்யூஎல்மைக்ரேட் ஒரு ஆல்டரும் காட்டவில்லை. நெடுவரிசையின் பெயரையும் பிறகு அழகாக மாற்றலாமே என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெயர் மாறும் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எல்லாம் உடையும். தரவுத்தளத்தில் ஒரு பெயர் அழகாக இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஸ்கீமா பக்கம் அமைதி. நிரல் பக்கம்தான் வேலை இருந்தது. டெசிமலை ஃப்ளோட்டால் பெருக்கினால் பைத்தான் டைப்எரர் தரும். டெஸ்ட்கள் மூன்று இடத்தைப் பிடித்துக் கொடுத்தன. டெஸ்ட் பிடிக்காதது ஒன்று: உலாவிக்குத் தரவை எழுதி அனுப்பும் ஜாங்கோவின் ஜேசன் என்கோடர் டெசிமலை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாக அனுப்பும். உலாவிப் பக்கத்தில் இரண்டு தொகையைக் கூட்டும் ஜாவாஸ்கிரிப்ட், 19.99-ஐயும் 5.00-ஐயும் சேர்த்து 19.995.00 என்று ஒட்டிக் காட்டியது. சோதனைத் தளத்தில் அக்காதான் பார்த்துச் சொன்னார்.

பழையதை எடுத்தது

இரண்டு வாரம் ட்ரிகரோடு விட்டுவைத்தேன். ஒரு மாதக்கடைசி நடுவில் வரட்டும் என்பதுதான் எண்ணம். வந்தது. இன்னொரு குழுவின் மாதாந்தரக் கட்டளை ஒன்று, ஜாங்கோ வழியாக வராமல் நேரே எஸ்க்யூஎல்லில் பழைய தொகை நெடுவரிசையைப் படித்துக்கொண்டிருந்தது. ட்ரிகர் உயிரோடு இருந்ததால் அதற்குச் சரியான எண்ணே கிடைத்தது. அவர்கள் தங்கள் குவெரியை மாற்றிய பிறகே நான் அடுத்த கோப்பை எழுதினேன்.

ஒரே கோப்பில் முதலில் ட்ரிகரை எடுத்து, அடுத்து நெடுவரிசையை அழித்தேன். இந்தக் கோப்புக்குத் திரும்பிப் போகும் வழி பெயரளவுக்குத்தான்: திருப்பினால் நெடுவரிசை வரும், உள்ளே இருந்தது வராது. அதனால் அன்று மட்டும் தனியாக ஒரு பேக்கப் எடுத்து, அதை நகலில் விரித்து, பதிவு எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே ஓட்டினேன். அழிப்பது மில்லி விநாடிகளில் முடிந்தது. அந்த இடம் உடனே வட்டுக்குத் திரும்பாது, பதிவுகள் மறுபடி எழுதப்படும்போதுதான் மெல்லக் காலியாகும்.

அந்த மாத ரிப்போர்ட்டும் ரசீதுகளும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போயின. மூன்றாம் இலக்கம் இருந்த பதிவுகளின் அசலை வைத்த தனி டேபிளையும் அழித்துவிடலாமா என்று கேட்டேன். "தணிக்கை முடியற வரைக்கும் இருக்கட்டும் தம்பி" என்றார். இருக்கிறது. தள்ளுபடி விழுக்காடு இன்னொரு டேபிளில் இன்னமும் ஃப்ளோட்டாகத்தான் நிற்கிறது. நேற்று அதன் நகலில் அதே மூன்றாம் இலக்கக் குவெரியை ஓட்டினேன், 33.333 என்று நிறைய வருகிறது. அவை அச்சில் எப்படி வந்திருக்கின்றன என்று இப்போது பழைய தாள்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.